எட்டு மைல் சாலைக்கு இரு புறமும்: டெட்ராய்ட் சிம்பொனியும் அதன் ஊரும்



'செவ்வியல் இசைக்குழுவும் ஊர் மக்களும்' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பொதுவாகப் பேசுவது எளிது. இசை எல்லோருக்கும் சொந்தம் என்று நான் சொல்வேன், நீங்களும் கை தட்டுவீர்கள், காபி ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்கப் போகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட். கார் செய்த ஊர், பிறகு கடனில் மூழ்கிய ஊர். அங்கே ஒரு சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. அந்தக் குழுவுக்கும் ஊருக்கும் நூறு ஆண்டுகளாக நடந்துவரும் இழுபறிதான் இன்றைய பேச்சு.

சிம்பொனி இசைக்குழு என்றால் என்ன என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது நம் தெருக்களிலேயே அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. ஆனால் மேடையில் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் உள்ளவர்கள் கச்சேரிக்குக் கச்சேரி கூடிக் கலைகிறவர்கள் அல்ல. எண்பது, தொண்ணூறு பேர் ஆண்டுச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். காப்பீடு உண்டு, ஓய்வூதியம் உண்டு, தொழிற்சங்கமும் உண்டு. அரங்கம் நிறைந்தாலும் டிக்கெட் பணம் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். மிச்சத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். கொடுப்பவர்கள் யாரோ அவர்களையே குழு தன் ஊர் என்று எண்ணத் தொடங்குகிறது. டெட்ராய்ட் குழுவின் கதையில் எங்கே தொட்டாலும் இந்த நூல்தான் கையில் வருகிறது.

அந்த ஊரில் 1887 முதலே சிம்பொனிக் கச்சேரிகள் நடந்தன. இன்றைய குழு உருவானது 1914இல். வசதியான குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பெண்கள் ஆளுக்கு நூறு டாலர் போட்டு, மேலும் சந்தாதாரர்களைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துத் தொடங்கினார்கள். 1918இல் ரஷ்யாவில் பிறந்த பியானோ மேதை ஒசிப் கப்ரிலோவிச் இசை இயக்குநராக வந்தார். எழுத்தாளர் மார்க் ட்வெய்னின் மருமகன் அவர். உருப்படியான அரங்கம் கட்டித் தராவிட்டால் போய்விடுவேன் என்றார். கார் முதலாளி ஹொரேஸ் டாட்ஜ் போன்றவர்கள் பணத்தை இறக்கினார்கள். உட்வர்ட் அவென்யூவில் பழைய தேவாலயம் ஒன்று இருந்த மனையில், ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்தில், ஏறத்தாழ 2,000 பேர் அமரும் ஆர்க்கெஸ்ட்ரா ஹால் எழுந்தது. சி. ஹோவர்ட் கிரேன் கட்டடக் கலைஞர். 1919 அக்டோபரில் திறந்தார்கள். அவசரத்தில் கட்டிய கட்டடம்தான், ஆனால் அதன் ஒலித் தெளிவை இன்றும் இசைக்கலைஞர்கள் வியந்து பேசுகிறார்கள். ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் தருவார்கள். எனக்கு எதிலும் முழு நம்பிக்கை வந்ததில்லை.

அந்தக் காலத்திலேயே இந்தக் குழுவினர் அரங்கத்துக்கு வெளியே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1922 பிப்ரவரியில், வானொலி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த நாளில், ஒரு முழுக் கச்சேரியை ஊர் வானொலி நிலையம் ஒலிபரப்பியது. 1934 முதல் 1942 வரை ஃபோர்டு நிறுவனத்தின் செலவில் ஞாயிறு மாலை இசை நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலித்தது. வாசித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் குழுவினர். நடுவே ஃபோர்டு நிறுவனத்தார் ஒருவர் வந்து சிறு பிரசங்கம் செய்வார்: உழைப்பு, சிக்கனம், அரசின் தலையீடு கூடாது என்ற வகையில். செலவு ஃபோர்டு நிறுவனத்துடையது, ஆகவே பிரசங்கமும் அதனுடையது.

பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. கப்ரிலோவிச் 1936இல் காலமானார். 1939இல் செலவைத் தாங்க முடியாமல் குழு தன் சொந்த அரங்கத்தை விட்டு வெளியேறியது. அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1941 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே கட்டடம் 'பாரடைஸ் தியேட்டர்' என்ற பெயரில் திறந்தது. அருகே கறுப்பின மக்கள் வாழ்ந்த பாரடைஸ் வேலி என்ற பகுதியின் பெயர் அது. டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பில்லி ஹாலிடே எல்லோரும் அந்த மேடையில் ஏறினார்கள். பத்து ஆண்டுகள் ஜாஸ் பொங்கியது. டாட்ஜ் பணத்தில் சிம்பொனிக்காகக் கட்டிய அரங்கத்துக்குள், கார் ஆலைகளில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். அந்த அரங்கம் ஊரோடு மிக நெருங்கி இருந்த காலம் எது என்று கேட்டால், சிம்பொனிக் குழு அதில் இல்லாத இந்தப் பத்தாண்டுகள் என்றுதான் சொல்வேன். இதைச் சொல்வதில் குழுவினருக்கு எந்த அவமரியாதையும் இல்லை. இன்று அவர்களே தங்கள் ஜாஸ் வரிசைக்குப் 'பாரடைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1951இல் பாரடைஸ் தியேட்டர் மூடியது. சில ஆண்டுகளில் பாரடைஸ் வேலியும் இல்லாமல் போனது. அதன் உயிர்நாடியான ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்து அதன்மேல் நெடுஞ்சாலை போட்டார்கள். ஆர்க்கெஸ்ட்ரா ஹாலில் கூரை ஒழுகி, சாந்து பெயர்ந்து விழத் தொடங்கியது. இதற்கிடையே சிம்பொனிக் குழு இரண்டு முறை கலைந்து மீண்டும் கூடியது. 1951க்குப் பிறகு பிரெஞ்சு நடத்துநர் பால் பரே தலைமையில் மெர்க்குரி நிறுவனத்துக்காக அது வாசித்த இசைத்தட்டுகளை இன்றும் சேகரிப்பவர்கள் உண்டு. 1956இல் ஆற்றங்கரையில் ஃபோர்டு ஆடிட்டோரியம் கட்டித் தந்தார்கள். பார்க்கப் பெரிய கட்டடம், ஆனால் ஒலி சரியில்லை. உலகம் புகழ்ந்த குழு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மோசமான அரங்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். 1959இல் பெரி கோர்டி என்ற இளைஞர் அதே ஊரில், ஒரு சாதாரண வீட்டில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தாம். அந்தப் பாட்டுகளின் பின்னணியில் பட்டுப் போல விரியும் வயலின்கள் கேட்கும் அல்லவா? அவற்றில் பலவற்றை வாசித்தவர்கள் டெட்ராய்ட் சிம்பொனியின் கலைஞர்கள். குழுவின் கான்சர்ட் மாஸ்டர், அதாவது முதல் வயலின் வரிசையின் தலைவர், கோர்டன் ஸ்டேபிள்ஸ் அந்த ஒலிப்பதிவுகளில் தந்தி வாத்தியக்காரர்களை வழிநடத்தினார். 1971இல் வந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில் இவர்கள் பெயரும் அச்சாகியிருக்கிறது. பகலில் பீத்தோவன் ஒத்திகை, பிறகு மோட்டவுன் ஒலிப்பதிவு. ஊரின் கறுப்பின இளைஞர்கள் சிம்பொனிக் குழுவின் வயலின்களைத் தினமும் வானொலியில் கேட்டார்கள், கேட்டு ஆடினார்கள். அதைத் தங்கள் சிம்பொனி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. குழுவும் அவர்களைத் தன் ரசிகர்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அப்போது யாராவது இந்தப் புள்ளிகளை இணைத்திருந்தால் பிறகு வந்த பல சங்கடங்கள் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சங்கடங்கள் என்றேன். முதலில் ஊர் இரண்டானது. 1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18.5 லட்சம், 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சம். வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள்; 1967இல் ஊரில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு அது இன்னும் வேகம் பிடித்தது. நகரத்தின் வடக்கு எல்லை எட்டு மைல் சாலை. அந்தச் சாலைக்கு இப்பால் பெரும்பாலும் கறுப்பினத்தவர், அப்பால் பெரும்பாலும் வெள்ளையர் என்றானது. 1974இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனக் கலப்புக்கான உத்தரவு நகர எல்லையைத் தாண்டிப் புறநகர்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. வழக்கே டெட்ராய்ட்டைப் பற்றியதுதான். இசைக்குழுவின் அரங்கமும் பெயரும் நகரத்துக்குள் இருந்தன. அதன் சீசன் டிக்கெட் வாங்குவோரும் நன்கொடையாளர்களும் பெரும்பாலும் சாலைக்கு அப்பால் குடியேறிவிட்டார்கள்.

1970இல் ஆர்க்கெஸ்ட்ரா ஹாலை இடித்து அந்த இடத்தில் துரித உணவகம் கட்டும் ஏற்பாடு நடந்தது. தடுத்தவர்களில் முன்நின்றவர் பால் கேன்சன். குழுவில் பசூன் வாசித்தவர். பசூன் என்பது பெரிய மரக்குழல். கூட்டத்தில் இருந்தாலும் யாரும் தனியாகக் கவனிக்காத வாத்தியம். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் கட்டடத்தை மீட்டு, பல ஆண்டுகள் பழுது பார்த்தார்கள். 1989இல் குழு தன் பழைய வீட்டுக்குத் திரும்பியது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு புயல். குழுவில் இருந்த கறுப்பினக் கலைஞர் ஒரே ஒருவர். நகரத்திலோ கறுப்பினத்தவர்தாம் பெரும்பான்மை. மாநிலச் சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் இருவர், இது மாறாவிட்டால் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட அரசு மானியத்தை நிறுத்திவிடுவோம் என்றார்கள். இசைக்குழுக்கள் ஆள் எடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், நடுவர்களுக்கு முகம் தெரியாது, நிறம் தெரியாது. வேண்டியவர்களுக்கு இடம் கொடுப்பதைத் தடுக்கக் கொண்டுவந்த முறை அது. நெருக்கடியில் குழு அந்தத் தேர்வை விலக்கி வைத்துவிட்டு, மாற்று ஆளாக வாசித்துக்கொண்டிருந்த டபுள் பேஸ் கலைஞர் ரிச்சர்ட் ராபின்சனைச் சேர்த்துக்கொண்டது. மற்றவர்களைப் போலத் தேர்வில் வாசித்து வந்திருக்கவே விரும்பியிருப்பேன் என்று அவரே சொன்னார்.

இதில் யார் பக்கம் நிற்பது? சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்ட கேள்வி சரியானது, அவர்கள் கையாண்ட வழி அந்தக் கலைஞருக்கே தீங்கு செய்தது என்பது என் கருத்து. திரை நிறத்தை மறைக்கும். அந்தத் திரைக்குப் பின்னால் வந்து உட்கார ஒரு பிள்ளைக்குப் பதினைந்து ஆண்டுப் பயிற்சி வேண்டும், நல்ல வாத்தியம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். அவற்றைக் கொடுக்காத ஊரில் திரை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். அடுத்த ஆண்டே குழு, இளம் கறுப்பினக் கலைஞர்களுக்குப் பயிற்சி ஊதியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1978 முதல் நடந்துவரும் 'கிளாசிக்கல் ரூட்ஸ்' என்ற ஆண்டுக் கச்சேரி கறுப்பின இசையமைப்பாளர்களின் படைப்புகளைத் தொடர்ந்து மேடைக்குக் கொண்டுவருகிறது. நல்ல முயற்சிகள்தாம். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை அழைக்கும் விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை.

இனி 2010. ஊரின் பெரிய கார் நிறுவனங்களில் இரண்டு முந்திய ஆண்டுதான் திவாலாகி எழுந்திருந்தன. நன்கொடை வற்றியது. 2003இல் அரங்கத்தோடு சேர்த்துக் கட்டிய பெரிய இசை மையத்தின் கடன் கழுத்தை நெரித்தது. கலைஞர்களின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 1,04,650 டாலர். அதை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்றது நிர்வாகம். 22 சதவீதம் விட்டுத் தருகிறோம் என்றார்கள் கலைஞர்கள். சம்பளம் மட்டும் தகராறு இல்லை. பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது, சிறு குழுக்களாக வெளியே வாசிப்பது இவையெல்லாம் வேலையின் பகுதியா என்பதும் கேள்வி. அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு மாதம் அரங்கம் இருண்டு கிடந்தது.

அந்த ஆறு மாதம் கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களாகவே தேவாலயங்களிலும் பிற கூடங்களிலும் கச்சேரி செய்தார்கள். கூட்டம் வந்தது. நாற்காலிக்கும் மேடைக்கும் நடுவே தூரம் குறைவு. முடிந்ததும் கேட்டவர்கள் வாசித்தவர்களோடு நின்று பேசினார்கள். 2011 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. விரும்பிச் செய்யும் கற்பித்தல், சமூகப் பணிகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். பலர் வேறு ஊர்களுக்குப் போயிருந்தார்கள். தாளவாத்தியப் பிரிவு முழுவதுமே காலியானது. இதற்குப் பிறகு வந்த நல்ல செய்திகளைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். ஊரோடு சேர்வதற்கு ஒரு விலை இருந்தது. அதில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் வயலினும் குழலும் வாசிப்பவர்கள்.

நல்ல செய்திகளில் இரண்டைச் சொல்கிறேன். வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, ஆர்க்கெஸ்ட்ரா ஹாலிலிருந்து கச்சேரிகளை இணையத்தில் நேரடியாக, இலவசமாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள். அங்கே இரவு எட்டு மணி என்றால் கோடைகாலத்தில் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. பால் வாங்கப் போகும் முன் மாலரின் சிம்பொனியைக் கேட்ட ஆட்களில் நானும் ஒருவன். பள்ளிகளுக்கென்று தனி ஒளிபரப்பும் பிறகு வந்தது. மாணவர்களுக்கு ஒரு சலுகை அட்டையும் வந்தது: அப்போது 25 டாலர் கொடுத்தால் சீசன் முழுவதும் போக முடிந்தது.

இரண்டாவது, 'நெய்பர்ஹுட்' கச்சேரி வரிசை. குழு அரங்கத்தை விட்டுக் கிளம்பி, தேவாலயத்திலும் யூத வழிபாட்டுக் கூடத்திலும் சமூக அரங்கத்திலும் வாசித்தது. டிக்கெட் அப்போது 25 டாலர் அளவில் இருந்தது. பல புறநகர் ஊர்களுக்கு இது நிரந்தர ஏற்பாடானது. வேலைநிறுத்த நாட்களில் கலைஞர்கள் கண்டுபிடித்ததைத்தான் நிர்வாகம் பிறகு திட்டமாக்கியது என்பது என் ஊகம். நிர்வாகத்தார் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சவுத்ஃபீல்ட், கிராஸ் பாயின்ட், டியர்பார்ன், ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸ் என்று அந்தப் பெயர்களை வரைபடத்தில் தேடினால் எல்லாம் நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன. சில ஊர்கள் நடுத்தர வர்க்கத்தின் ஊர்கள். சில, பணக்காரர்களின் ஊர்கள். நகரத்துக்கு வர அஞ்சிய பழைய ரசிகரைத் தேடி, அவர் வீட்டு வாசலுக்கே குழு போனது. அது தவறில்லை. கடன் கழுத்தில் இருக்கும் நிறுவனம் முதலில் தன்னைத் தெரிந்தவர்களிடம்தான் போகும். ஆனால் இதை ஊரோடு சேர்ந்தது என்று எழுதிய பத்திரிகைகள் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

கணக்கு வழக்கில் இந்த முயற்சிகள் பலன் தந்தன. 2013இலிருந்து வரவும் செலவும் சமனாயின. அதே 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் அதுவரை எந்த நகராட்சியும் அவ்வளவு பெரிய கடனோடு திவாலானதில்லை. தெருவிளக்குகள் பல எரியாத அந்த ஊரில், 2014 ஜனவரியில், இசைக்குழுவும் கலைஞர்களும் அடுத்த ஒப்பந்தத்தை, பழையது முடிய எட்டு மாதம் இருக்கும்போதே, சண்டையின்றி முடித்தார்கள். அந்த நாட்களில் குழுவின் நிர்வாகத்தை வழிநடத்திய ஆன் பார்சன்ஸ், வேலைநிறுத்தத்தின்போது கலைஞர்களின் கோபத்தை முழுக்கத் தாங்கியவர். 2022இல் மறைந்தார்.

ஒரு ஒப்பீடு. அதே ஊரின் கலைக் காட்சியகம் 2012இல் புறநகர் மக்களிடம் நேராகப் போய் வாக்குக் கேட்டது. மூன்று மாவட்டங்களின் வாக்காளர்கள், தங்கள் சொத்து வரியில் ஒரு சிறு பகுதியை அதற்குத் தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு அந்த மூன்று மாவட்டத்தாருக்கும் நுழைவு இலவசம். எட்டு மைல் சாலைக்கு இரு புறமும் உள்ளவர்கள் ஒரே வரிச் சீட்டின் மூலம் ஒரு காட்சியகத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இசைக்குழுவுக்கு அப்படியொரு வரி இல்லை. இன்றும் அது நன்கொடையாளரின் கையைப் பார்த்துத்தான் நிற்கிறது. மூன்று மாவட்டத்து வாக்காளர்களிடம் இசைக்குழுவும் ஒரு நாள் போய் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். தோற்றாலும் பரவாயில்லை. யார் தன் ஊர் என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

கடைசியாக, சில ஆண்டுகளாக நடக்கும் 'டெட்ராய்ட் ஹார்மனி' திட்டம். நகரத்துப் பள்ளிகளில் படிக்கும் எந்தப் பிள்ளை இசை கற்க விரும்பினாலும் அதன் கையில் ஒரு வாத்தியம் இருக்க வேண்டும் என்பது நோக்கம். வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் கிளாரினெட், டிரம்பெட், வயலின்களை நன்கொடையாக வாங்கிப் பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள். வாத்தியம் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் போதாது என்பதால், ஊர்க்காரர்களுக்கே அந்தத் தொழிலைக் கற்றுத் தருவதும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. இத்தனை முயற்சிகளில் இதைத்தான் நான் மேலே வைப்பேன். மற்றவை கேட்க வருபவர்களைத் தேடின. இது 1989இல் எழுந்த கேள்விக்குப் பதில் தேடுகிறது. இன்று டிரம்பெட் வாங்கிப்போன பத்து வயதுப் பிள்ளை அந்தத் திரைக்குப் பின்னால் வந்து உட்கார இன்னும் பதினைந்து ஆண்டாவது ஆகும். அதுவரை இந்தத் திட்டத்துக்குப் பணம் கிடைக்குமா என்பதுதான் எனக்குள்ள கவலை. நன்கொடையாளருக்குப் பொறுமை குறைவு. அவருக்கு அடுத்த ஆண்டு அறிக்கையிலேயே எண் வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.